சமம், சமமில்லை

3.3.2008, திங்கள்
காலையில் பனி. இந்தக் கொப்பியில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். பயந்ததையும் மறைக்கமாட்டேன்.

பள்ளிக் கம்ப்யூட்டர் அறை. சாதாரண தரப் பரீட்சைக்கான பட்டியல், வெள்ளிக்கிழமை தபாலில் போகவேண்டும். பழைய இடாப்பிலிருந்த மாணவர் பெயர்களையும் ஏற்றியாயிற்று. பள்ளியை விட்டு விலகிய திகதி இல்லாதவர்களைப் புரோகிராம் பொறுக்கியெடுக்கும், இரட்டைப் பதிவை நீக்கும்.

வகுப்பில் 32 பேர். எண்ணிக்கை 33 என்கிறது. அச்சில் 32 பெயர். என் பெயரில் எம். தெய்வானை இருக்கிறாள், ஆனால் ஆங்கிலத்தில் D-யில் தொடங்குகிறாள். நான் T. அவள் பிறந்த ஆண்டு 1967.

பக்கத்தில் என் வகுப்பு ரிஸ்னா: "நீ எங்கடீ போன?"

4.3, செவ்வாய்
வெயில். த-வுக்கு ஒரு கிளார்க் T போடுவார், ஒருவர் D. அதனால் கம்ப்யூட்டர் படிப்பிக்கும் ஸரீனா டீச்சர், ஸ்ட்ரிங் என்ற எழுத்துச்சர வகையிலிருந்து 'பெயர்' என்று தனி வகை எழுதியிருக்கிறார். அதில் இரண்டும் ஒன்று.

திரையில் கேட்டுப் பார்த்தேன்.
நாங்கள் இருவரும் சமமா? True.
சமமில்லையா? True.
மறுபடியும் அதே. பேயோ என்று பயந்து டீச்சரைக் கூப்பிட்டேன்.

டீச்சர்: "பேயில்ல புள்ள. சமமான்னு பாக்குற == மட்டும்தான் நான் எழுதினேன். சமமில்லையான்னு பாக்குற != பழைய ஸ்ட்ரிங்கோடது, எழுத்தெழுத்தாப் பாக்குது."
ஒன்றை வைத்து என்னை நீக்கி, மற்றதை வைத்து என்னை எண்ணியிருக்கிறது.

வீடு. அந்த 1967 தெய்வானை யாரென்று கேட்டேன். அம்மா மிளகு காயப்போட்டுக்கொண்டே: "அப்பாவோட அக்கா. அந்தப் பேரத்தான் ஒனக்கு வச்சோம்."
"இப்ப எங்க?"
"எண்பத்திமூணு கலவரத்தப்ப ஸ்கூலுக்குப் போனாங்க. திரும்பல. அப்பாகிட்ட கேட்டுறாத."

5.3, புதன்
'பெயர்' வகையில் !=-ஐயும் எழுதினேன். இப்போது இரண்டும் ஒரே பதில்: சமம். எண்ணிக்கையும் 32. பிழையைத் திருத்தியதும் முழுதாகக் காணாமல் போனேன்.

டீச்சர்: "ஸ்கூல்ல சேந்தப்ப குடுத்த சேர்வு இலக்கத்தையும் சேத்துப் பாக்கச் சொல்லு."
இரண்டிலும் சேர்த்தேன். 33 பேர், 33 பெயர். இலக்க வரிசையில் முதலில் அத்தை. கடைசியில் நான்.

ரிஸ்னா: "பேயும் சோதனை எழுதுமா?" தானே வாயைப் பொத்திக்கொண்டாள்.

டீச்சர்: "விலகின திகதி போட்டாத்தான் அவங்க பேரு பட்டியல விட்டுப் போகும். என்ன திகதி போட?"
தெரியவில்லை. வீட்டில் கேட்கவும் முடியாது. கட்டம் வெறுமையாகவே இருக்கட்டும் என்றார். அச்சிட்ட தாளில் மட்டும், பேனாவால், அந்த வரியை நானே வெட்டினேன். பரீட்சைக்கு என் பெயர் போகும்.

கதவருகே டீச்சர்: "எல்லாரும் வெளிய வந்தாச்சா?"
மூன்று பேர்தான். மூவரும் வெளியே.
"கொஞ்சம் பொறுங்க டீச்சர்," என்றேன். ஏன் சொன்னேனோ.
டீச்சர் கதவை விரியத் திறந்து பிடித்தபடி நின்றார். பிறகு லைட்டை அணைத்தார்.