சுருங்கிய சிறுநீரகமும் அண்ணியின் வாயும்

அண்ணா,

டிக்கெட் பரிசோதகர் வேலைக்கு நீங்கள் போட்டுக்கொண்ட கறுப்புக் கோட்டை யாருக்காவது கொடுத்துவிடலாமென்று இன்று வெளியே எடுத்தேன். அந்துருண்டை வாசனையோடு, உள்பையில் நான்காக மடித்த ஒரு சீட்டு. நீங்கள் இறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு பட்டணத்து டாக்டர் எழுதியது. இடது சிறுநீரகம் சுருங்கியிருக்கிறது, ரத்த அழுத்தத்துக்கு அதுவே காரணமாகலாம், உப்பைக் குறைக்கவும்.

உங்களுக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். படித்துவிட்டுத்தான் மடித்தீர்கள்.

விழுப்புரத்து வீட்டில் நீங்கள் டியூட்டி முடிந்து நுழைந்தால் ரேடியோ நிற்கும். கேப்பைக் கூழில் உப்புக் குறைந்தால் கிண்ணம் பறக்கும். அண்ணி வாய் திறந்தால், "எனக்குப் பிரஷர் ஏத்தாதடி. நான் செத்தா நீதான் காரணம்" என்பீர்கள்.

ரத்த அழுத்தம் ஏறி நீங்கள் இறந்தபோது ஊரும் அதையே நம்பியது. பதினாறாம் நாள் காரியத்தில் உங்களை வளர்த்த சித்தி, "பேசிப் பேசியே எம்புள்ளய வாரிக் குடுத்துட்டியேடி! வுழுந்து மன்னிப்புக் கேளு" என்றாள். அண்ணி உங்கள் படத்தின் முன் விழுந்தாள். விலங்கியல் பட்டம் வாங்கிய நான் கைகட்டி நின்றேன். நானும் நம்பியிருந்தேன்.

கோபத்தில் அழுத்தம் ஏறும். சற்று நேரத்தில் இறங்கிவிடும். சுருங்கிய சிறுநீரகம் அப்படியல்ல. ரெனின் என்ற நொதியை ஓயாமல் சுரக்கும். அதன் விளைவாக ரத்தக் குழாய்கள் இறுகும், உடம்பில் உப்பு தேங்கும். நொதியைக் குற்றம் சொல்ல முடியாது. பிரசவத்தில் ரத்தம் கொட்டிக் கிடந்த அண்ணியின் உயிரைப் பிடித்துவைக்க உதவியதும் அதுதான். மனைவி எதிர்த்துப் பேசட்டும் என்று அது காத்திருப்பதில்லை. காத்திருந்தது நீங்கள்.

திண்டிவனத்தில் இப்போது அண்ணி என்னோடுதான் இருக்கிறாள். முறத்தில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தவளிடம் சீட்டைத் தமிழில் சொன்னேன்.

"அப்ப நான் பேசினதால இல்லியாம்மா?"

"இல்லை அண்ணி."

கையிலிருந்த கடலையை உடைத்து முறத்தில் போட்டாள். "இது தெரியாம பாதிப் பேச்ச முழுங்கிக்கினு இருந்தேனே. நல்லா நாலு வார்த்த கேட்டிருப்பேன்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

உங்கள்மேல் உள்ள கோபம் ஒருநாள் ஆறலாம். அன்று ஊமையாக நின்ற வெட்கம் ஆறாது. நீங்கள் போன இந்த ஒன்பது வருடமாக அந்த வெட்கம் இருப்பதே தெரியாமல் சுமந்திருக்கிறேன். சித்தி ஒலக்கூரில் திடமாகத்தான் இருக்கிறாள். நாளைக் காலை முதல் பஸ்ஸில் இந்தச் சீட்டோடு அவளிடம் போகிறேன்.

"நானும் வர்றேன்" என்கிறாள் அண்ணி. "நீ பேசாத. நான் பேசிக்கறேன்."