வெள்ளிக்கிழமை மீன்

கீல், 21.04.2006

லக்சிகாவின் அம்மாவுக்கு,

வீட்டில் இருக்க ஏலாமல் இன்றும் கயாக் தோணியோடு கடலுக்குப் போனேன். இருந்தால் மனம் எழும்பச் சொல்கிறது, எழும்பினால் நடக்கச் சொல்கிறது. மேல்வீட்டு அண்ணை படியில் மறித்து, "மனுசி எப்ப வாறா?" என்று கேட்டார். "அவவின்ர தமக்கைக்குச் சுகமில்லை, வந்திடுவா" என்றேன். நீ கோவித்துக்கொண்டு போன அன்று நான் கத்தியது அவருக்கும் கேட்டிருக்கும்.

மத்தியானம் தூண்டிலில் ஒரு சால்மன் கொழுவியது. தோணியைச் சுற்றிச் சுற்றி இழுத்தது. மல்லுக்கட்டி மடியில் போட்ட பிறகுதான் வெள்ளிக்கிழமை என்று ஞாபகம் வந்தது. வெள்ளியில் மீன் வீட்டுக்குள் வந்தால் நீ சும்மா விடுவாயா? திரும்பக் கடலிலேயே விட்டுவிட்டேன்.

கரையேறிச் சப்பாத்தைக் கழற்றும்போதுதான், ஏசுவதற்கு நீ வீட்டில் இல்லையே என்று உறைத்தது. ஆனாலும் வந்து பருப்புத்தான் வைத்தேன்.

நாளை சனிக்கிழமை. மீன் பிடிபட்டால் நீ இருக்கிற பீலெஃபெல்டுக்கு எடுத்து வருகிறேன். அக்கா வீட்டுக் கதவை நீயே வந்து திற.

இப்படிக்கு,
வெள்ளிக்கிழமையை இன்னும் விடாதவன்