நீங்கள் தொடக் கூடாது என்ற வண்டி

அத்தை,

எத்தனை தடவை சோப்புப் போட்டுக் கழுவினாலும் கையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. கெட்டுப்போன பெட்ரோலுக்கு ஒரு நாற்றம் உண்டு என்பது எனக்கு இப்போதுதான் தெரியும். பாதி பெயின்ட் வாடை, பாதி புளிப்பு. அதை மோந்துகொண்டேதான் இதை எழுதுகிறேன். உங்கள் வண்டியின் டேங்கில் இருந்த பெட்ரோல்தான். ஆமாம், தொடக் கூடாது என்று நீங்கள் சொன்ன அதே வண்டி. தொட்டுவிட்டேன். தொட்டதோடு நிற்கவில்லை, பிரித்தும் போட்டேன். கோபப்படுவதானால் முழுவதையும் கேட்டுவிட்டுப் படுங்கள்.

பல்லாவரத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த மறுநாள், விடிவதற்குள் ராஜகீழ்பாக்கம் தெருவே அதிர ஒரு சத்தம். எழுந்து வந்து பார்த்தால் நீங்கள். புடவையைத் தூக்கிச் செருகி, உள்ளே மாமாவின் பழைய பேன்ட். தலையில் துண்டு. பின் சீட்டில் கயிற்றால் இறுக்கிக் கட்டிய ஐஸ் பெட்டி. ஒரே உதையில் வண்டியைக் கிளப்பிக்கொண்டு கோவளம் கரைக்குப் போனீர்கள். வெயில் ஏறுவதற்குள் சேலையூரில் வஞ்சிரமும் சங்கராவும் விற்றுக்கொண்டிருந்தீர்கள். அன்று மாலை வாசல் பெருக்குவதற்காக வண்டியை நகர்த்தப் போனேன். ஹேண்டிலில் கை வைத்ததுதான் தாமதம், உள்ளேயிருந்து உங்கள் குரல் வந்தது.

"அது மேல கை வெக்காத. உனுக்கு இன்னாத்துக்கு அது?"

அந்த வண்டி எப்படி வந்தது என்று பிறகு ஒருநாள் நீங்களே சொன்னீர்கள், பெட்டியைக் கழுவிக்கொண்டே. மீன் கூடையோடு ஏறியதற்காக ஒரு கண்டக்டர் உங்களை நடுவழியில் இறக்கிவிட்டான். நாறுகிறது என்று பஸ்ஸே முகம் சுளித்ததாம். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு மேடவாக்கம் வரை நடந்தீர்கள். அந்த மாதமே காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்து, பழைய வண்டி ஒன்றை வாங்கினீர்கள். "பஸ்ல ஏத்த மாட்டியா நீ? உன் பஸ்ஸ முந்திகினு போறேன் பார்றா," என்று அந்தக் கண்டக்டர் இப்போதும் எதிரில் நிற்பதைப் போலச் சொன்னீர்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அந்தத் தைரியத்தில்தான் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட வருகிறேன் என்று கேட்டேன். நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பட்ச்ச பொண்ணு நீ. ஏசில குந்திகினு கணக்கு எழுது. இந்த நாத்தம் என்னோட போவட்டும்."

அது எனக்குப் பிடிக்கவில்லை, அத்தை. இன்றைக்கும் பிடிக்கவில்லை. பஸ்காரன் சொன்னால் திமிறிக்கொண்டு வண்டி வாங்குவீர்கள். நீங்களே அதை நாற்றம் என்று சொன்னால் நான் யாரிடம் திமிறுவது? அன்றைக்கே கேட்டேன். நாம் இருவரும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு நான் என் கிண்டி ஆபீசுக்குப் போனேன், நீங்கள் உங்கள் கரைக்குப் போனீர்கள்.

சர்க்கரைப் புண் உங்கள் காலில் வந்தபோது வண்டி நின்றது. நீங்கள் போன பிறகு, காரியம் முடிந்த அன்று, உங்கள் பிள்ளை அதை மாடிப்படிக்குக் கீழே தள்ளி நீலத் தார்ப்பாயைப் போட்டு மூடினார். இரண்டு மழைக்காலம் அது அங்கேயே கிடந்தது.

இந்த வருடம் என் ஆபீஸ் இங்கே கடையைச் சாத்திக்கொண்டு போய்விட்டது. இத்தனை வருடம் கணக்கு எழுதியவளுக்கு ஒரு ஈமெயிலில் நன்றி சொன்னார்கள். வேறு இடங்களுக்கு நடந்தேன். என் வயதைக் கேட்டதும் அவர்கள் முகம் மாறுவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. அப்போதுதான் ஒருநாள் சாப்பிடும்போது உங்கள் பிள்ளை சொன்னார்.

"அம்மா வண்டிய பழைய இரும்புக்காரருக்குப் பேசிட்டேன். ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்குவாரு."

"குடுக்காதீங்க. நான் ஓட்டப் போறேன்."

"ஓட்டி?"

"மீன் விக்கப் போறேன்."

சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது. "ஸ்கூல்ல என்னை எல்லாரும் கவுச்சின்னுதான் கூப்பிடுவாங்க. பேரே அதுதான். உனக்குத் தெரியுமா? நான் டை கட்டிக்கிட்டு வேலைக்குப் போறதே அந்தப் பேரு போகணும்னுதான். திரும்ப அத வூட்டுக்குள்ள கூட்டிட்டு வர்றேங்கற."

கோபத்தில் 'வூடு' என்று வந்துவிட்டது அவருக்கு. எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் பாவப்பட்டு விட்டுக்கொடுக்கிற விஷயமில்லை இது.

"அந்தக் கவுச்சிதான உங்களப் படிக்க வெச்சுது?" என்றேன்.

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். கை கழுவிக்கொண்டு வந்து, "ஞாயித்துக்கெழமக்குள்ள ஸ்டார்ட் ஆச்சுன்னா வெச்சுக்க. ஆகலன்னா போகட்டும்," என்றார். ஆகாது என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

கேம்ப் ரோடு மெக்கானிக்கைப் போய்க் கேட்டேன். "ரெண்டு மழ பார்த்த வண்டியாக்கா? காயலான் கடைக்குப் போட்டுட்டு வேற வேலயப் பாருங்க," என்றார். சரி, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வந்துவிட்டேன். கியர் வண்டி எனக்குப் புதிதில்லை, அத்தை. கல்லூரி நாட்களில் என் அண்ணன் தூங்கும்போது அவன் வண்டியை எடுத்துக்கொண்டு திருநீர்மலை அடிவாரம் வரை போய்வந்தவள் நான். நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தார்ப்பாயை எடுத்தேன். முதலில் பயந்தது இன்ஜின் இறுகிப்போயிருக்குமோ என்றுதான். கிக்கரைக் கையால் அழுத்தினேன். இறங்கியது. அப்பாடா என்று இருந்தது. டேங்க் மூடியைத் திறந்ததும் அந்த நாற்றம். உள்ளே டிகாக்‌ஷன் நிறத்தில் பெட்ரோல். அதை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றி உதைத்தேன். உதைத்தேன், உதைத்தேன், ஒரு இருமல்கூட இல்லை.

போனில் வீடியோ பார்த்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். கரியாக இருந்தது. உப்புத்தாளில் தேய்த்து, இன்ஜின் மேல் ஒட்டிவைத்து உதைத்தால் நீலமாக ஒரு பொறி தெறித்தது! ஆக, நெருப்பு இருக்கிறது. பெட்ரோல்தான் போகவில்லை. டேங்கிற்கு அடியில் இருக்கும் குழாயைக் கழற்றினால் துரு அடைத்துக்கொண்டிருந்தது. அதைச் சுத்தம் செய்து கார்புரேட்டரைப் பிரித்தேன். ஊசிமுனை அளவு ஓட்டைக்குள் பழைய பெட்ரோல் பிசினாக உறைந்திருந்தது. பழைய ஒயரிலிருந்து ஒரு செம்பு இழையை உருவிக் குத்திக் குத்தி எடுத்தேன். திரும்ப மாட்டுவதற்குள் இரண்டு முறை அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். மாட்டி உதைத்ததும் ஒரு தடவை இருமியது. உடனே அணைந்தது.

ஞாயிறு காலை ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தேன். எலி கூடு கட்டியிருந்தது. பஞ்சு, தேங்காய் நார், காகிதம். நடுவில் கிழிசல் கிழிசலாகச் சிவப்புக் கட்டம் போட்ட துணி. நீங்கள் தலையில் கட்டும் துண்டு, சீட்டுக்கு அடியில் செருகி வைத்திருந்தீர்கள் போல. கிழிசல்களைப் பொறுக்கி உதறி மடியில் வைத்துக்கொண்டேன். இத்தனை நாளும் இந்த வண்டி மூச்சு விட வழியில்லாமல்தான் கிடந்திருக்கிறது.

பெட்டியைத் துடைத்து மூடி நான் மறுபடி உதைத்துக்கொண்டிருக்கும்போதே இரும்புக்காரர் வந்துவிட்டார். என் சுடிதார் முழங்கால் வரை சுருட்டியிருந்தது, முகமெல்லாம் கரி. அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னாக்கா, நான் எட்த்துகினு போலாம்னு வந்தா நீ வுட மாட்ட போல கீதே?"

"விட மாட்டேன்."

உங்கள் பிள்ளை கேட்டுக்கு உள்ளே, படியில் உட்கார்ந்திருந்தார். "அவளுக்குச் சொல்லுங்கண்ணா, அது செத்துப்போன வண்டி," என்றார்.

வண்டியைத் தெருவுக்கு இறக்கிக் கேட்டைச் சாத்தினேன். இரண்டாவது கியரில் போட்டுக் கிளட்ச்சைப் பிடித்தேன். தள்ளுவதற்கு ஆள் இல்லை. இரும்புக்காரர் லுங்கியை மடித்துக் கட்டினார்.

"நானே தள்றேன். கெளம்பிச்சுனா என் நேரம், வேற இன்னா."

தள்ளினார். ஏரிப்பக்கம் இறங்குகிற சரிவில் வண்டி வேகம் பிடித்ததும் கிளட்ச்சை விட்டேன். குலுங்கியது, திமிறியது, வெள்ளையாகப் புகை கக்கியது. பிறகு பிடித்துக்கொண்டது, அத்தை! தெரு நாயெல்லாம் குரைத்தது. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் முறுக்கினேன்.

ஏரி வரை போய்த் திரும்பி வந்தால் நம் வீட்டுக் கேட் விரியத் திறந்து கிடந்தது. பக்கத்தில் உங்கள் பிள்ளை நின்றுகொண்டிருந்தார், கை இன்னும் தாழ்ப்பாளில். முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"சத்தம் கேட்டுச்சு. எழுந்து தெறந்துட்டேன். சின்ன வயசுல அம்மா வண்டி வந்தா நான்தான் தெறப்பேன்," என்றார். அப்புறம் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, "நான் சரின்னு சொல்லல," என்றார்.

"நான் கேக்கவே இல்லையே," என்றேன்.

இரும்புக்காரர் டீ குடித்துவிட்டுத் தன் காலி வண்டியோடு போனார்.

மறுநாளே கோவளம் கரையில் நின்றேன். ஏலத்தில் என்னை நன்றாக ஏமாற்றினார்கள். அடுத்த நாள் கொஞ்சம் குறைவாக ஏமாற்றினார்கள். சேலையூரில் நீங்கள் நிற்கும் இடத்தில் வேறொருவர் பூக்கடை போட்டிருக்கிறார். அதனால் பக்கத்துத் தெருவில் நிற்கிறேன். என்னுடன் வேலை பார்த்த ஒருத்தி ஸ்கூட்டரில் போகும்போது என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் பெயரைச் சத்தமாகச் சொல்லிக் கூப்பிட்டு, நெத்திலி வேண்டுமா என்று கேட்டேன். வாங்கிக்கொண்டுதான் போனாள். இன்று திரும்பி வரும் வழியில் துரு அடைத்து வண்டி நின்றுவிட்டது. சாலை ஓரத்திலேயே உட்கார்ந்து குழாயைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு வந்தேன்.

இறங்கும்போது சைலன்சர் வலது கெண்டைக்காலில் சுட்டுவிட்டது. காலைப் பார்த்ததும் உங்கள் கால் ஞாபகம் வந்தது. படுக்கையில் கிடந்தபோது புண்ணைத் துடைப்பேனே, அப்போது பார்த்திருக்கிறேன், இதே இடத்தில் வட்டமாக ஒரு கறுப்பு வடு. என்ன இது என்று கேட்டேன். அவ்வளவு வலியிலும் சிரித்தீர்கள். "வண்டி குட்த்த முத்தம்," என்றீர்கள்.

உங்கள் பிள்ளை களிம்பு வாங்கி வந்து, மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எரிச்சல் அடங்குவதற்காகப் பூசிக்கொண்டேன். தழும்பு நிற்கும் என்று நினைக்கிறேன். நிற்கட்டும். மூடிக்கொள்ளப் போவதில்லை.