திருவிழாத் திரை அணையாதிருக்க

என் சேவியர் மச்சான்,

எதையும் வரிசை போட்டுச் சொல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது. சிரிக்காதே.

1. உன் கடையின் நிலைமை.
2. கரண்ட் போனாலும் திரை அணையாமலிருக்க நான் போட்ட திட்டம்.
3. கரண்ட் திரும்பி வந்ததும் செய்ய வேண்டியது.

நீ கண்ணை மூடிய பிறகு உன் ஒலி ஒளிக் கடையை விற்றுவிட உன் வீட்டு அக்கா ஆள் பார்த்துவிட்டார்கள். உன் மகள் ரோஸ்லின் கெஞ்சிக் கூத்தாடி ஒரு வேலைக்கு மட்டும் அவகாசம் வாங்கியிருக்கிறாள்: நம் தின்கன்ஜூன் பேட்டைக் கோயில் திருவிழா. உள்ளே இடம் கிடைக்காதவர்கள் இன்று மாலை முற்றத்தில் உட்கார்ந்து எல்இடி திரையில் பூசை பார்ப்பார்கள். திரை இருண்டால் கடை போயிற்று.

நீ வாடகைக்கு விட்டதெல்லாம் குழல் விளக்கும் ஒலிபெருக்கியும். இது ஒரு சுவர், மச்சான். போயும் போயும் என்னை ஏன் கேட்டாள்? மின்சாரம் படித்தவன் என்று நீதான் சொல்லி வைத்தாயா?

பல பலகைகளைச் சேர்த்தால்தான் அந்தச் சுவர். படம் ஒரு பலகையிலிருந்து அடுத்ததற்குக் கம்பி வழியே போகிறது. நடுவில் ஒரு கம்பி கழன்றால் அதற்கப்பால் எல்லாம் இருட்டு. அதனால் கடைசிப் பலகைக்கும் தனியாக ஒரு கம்பி இழுத்தேன், மறுபக்கமாகவும் படம் வரட்டும் என்று. படம் அனுப்பும் கணினிக்கு யுபிஎஸ். மாற்றுப் பலகைகள் கையருகே. கரண்ட் போனால் ஜெனரேட்டர். கடைசிப் பலகைக் கம்பியை இறுக்கினேனா? எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் இந்த வரியை எழுதுகிறேன்.

காலையில் ஒத்திகை. வழக்கம்போலக் கரண்ட் போனது. ஜெனரேட்டர்காரர் கோ துன், பெயர்தான் பர்மியப் பெயர், ஆள் நம்மவர்தான், இயந்திரத்தை ஓடவிட்டார். திரை மறுபடி கண் விழித்தது. கொஞ்ச நேரத்தில் தெருவே "மீ லா பீ!", கரண்ட் வந்தாச்சு, என்று பர்மிய மொழியில் கத்தியது. கரண்ட் வந்துவிட்டால் இந்த ஊரில் யாருடைய கை சும்மா இருக்கும்? கோ துன் பாய்ந்து சுவிட்சை மாற்றினார். மூச்சு விடுவதற்குள் மறுபடி போனது. அடுத்து வந்தபோது வோல்டேஜ் எகிறிக்கொண்டு வந்தது. மூலைப் பலகை ஒன்று கருகியது.

"யாரு மாத்தச் சொன்னது?" என்று ரோஸ்லின் சீறினாள்.

"சயா எழுதிக் குடுத்தபடிதானே செஞ்சேன், மா ரோஸ்லின்? கரண்ட் வந்ததும் மாத்து, டீசல் மிச்சம்னு."

சயா என்று அவர் மரியாதையாகச் சொன்னது என்னைத்தான்; அவள் என் பக்கம் திரும்பினாள். "மாமா, அப்பா இருந்திருந்தா டீசலோட சேத்து உங்களையும் வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க. சாமியார் அப்பத்தை உயர்த்துற எழுந்தேற்ற நேரத்துல இப்படி இருட்டாச்சுன்னா அம்மா அங்கேயே கடைச் சாவியைத் தூக்கிக் குடுத்துடுவாங்க."

கோ துன் சிரித்தார். கருகிய பலகையைக் கழற்றி வேறொன்றை மாட்டினோம். அந்த மூலை மட்டும் சற்று நீலமாகத் தெரிகிறது. தெரிகிறதா, எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதா?

பூசைக்கு முன்பே ஜெனரேட்டரில் ஓட்டத் தொடங்கி, கடைசிவரை அதிலேயே விடப்போகிறோம். அது நின்றால் கைகொடுக்க இன்னொரு ஜெனரேட்டர் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. இன்னும் வந்து சேரவில்லை. வாசலில் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்து நிற்கிறேன்.

கடைசி ஆள் முற்றத்தை விட்டுப் போகும்வரை சுவிட்சுப் பக்கத்தில் நானே நிற்பேன், மச்சான். தெரு என்ன கத்தினாலும் தொடமாட்டேன், யாரையும் தொடவிடமாட்டேன். இது உனக்குத் தரும் வாக்கு.

மேலே மூன்றாவதாக எழுதியது தவறு. கரண்ட் திரும்பி வந்ததும் செய்ய வேண்டியது எதுவுமே இல்லை.

உன் தங்கை வீட்டுக்காரன்,
ஞானப்பிரகாசம்