வெள்ளிக்கிழமை நிற்கும் மெஷின்

ஜூலை 16, புதன்

லேபிள் மெஷின் என் கைக்கு வந்து இன்றோடு பத்து நாள். பதினோரு வருஷம் ஊறுகாய் பாட்டிலைப் பெட்டியில் அடுக்கினவள் நான். இப்போது பச்சைப் பட்டனை அழுத்தினால் பாட்டில் வரிசையாகப் போய் லேபிள் ஒட்டிக்கொண்டு வருகிறது. சிவப்பு விளக்கு எரிந்தால் நிறுத்து, கதவைத் திற, மாட்டினதை எடு, மூடு, மஞ்சளை அழுத்து, அப்புறம் பச்சை. மெக்கானிக் இனாயத் பாய் சொல்லிக் கொடுத்தது. ஊரூர் குப்பத்தில் எட்டாவது வரை படித்தவளுக்கு இது வராதா என்ன? முண்டகக்கண்ணித் தாயே, கூடவே நில். நாளைக்கு ஆடி பிறக்கிறது.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. சாப்பாட்டு நேரத்தில் மெஷின் சும்மா நிற்கும்போது கதவைத் திறந்து உள்ளே வரைக்கும் சாம்பிராணி காட்டினேன். வீட்டு அடுப்புக்கே காட்டுகிறேன், சோறு போடுகிற இதற்குக் காட்டாமலா? ஒரு மணிக்கு ஓட்டினால் லேபிள் நிற்காமல் சுருண்டு சுருண்டு விழுந்தது. சிவப்பு. மஞ்சள், பச்சை, மறுபடியும் சிவப்பு. பாய் தொழுகைக்குப் போயிருந்தார். இரண்டு மணிக்கு வந்து உள்ளே எதையோ துடைத்தார், ஓடியது.

ஜூலை 22, செவ்வாய்

நாள் முழுக்க ஒரு தடவைகூட நிற்கவில்லை.

ஜூலை 25, வெள்ளி

சாம்பிராணி போன வாரத்தைவிட அதிகமாகவே போட்டேன். இருந்தும் அதே கதை. பாய் வரும் வரை வேலை நின்றுபோச்சு. சூப்பர்வைசர் பிரபு சார் கத்தினார். "இன்னாம்மா இது, வெள்ளிக்கிழமை ஆனா மெஷின் மக்கர் பண்ணுது, அந்த ஆளு தொழுகைக்குப் போய்க்கினு கீறாரு. அடுத்த வாரத்துலேர்ந்து போக வேணாம்னு சொல்லிட்டேன்."

பாய் துடைத்த ஸ்பானரையே திரும்பத் திரும்பத் துடைத்தார். இருபது வருஷமாகப் போகிறவர்.

அவர் இல்லாத நேரம் மட்டும் ஏன்? எதையாவது கழற்றி வைத்துவிட்டுப் போகிறாரோ என்று ஒரு நிமிஷம் நானும் நினைத்தேன். தாயே, மன்னிச்சுடு.

ஜூலை 28, திங்கள்

சும்மா மஞ்சளை அழுத்தினால் ஆகாது. ஏன் நிற்கிறது? கண்டுபிடிக்காமல் விடமாட்டேன். பாயிடமே கேட்டேன்.

"உள்ள ஒரு கண்ணு கீதுக்கா. ஒரு லேபிளுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல இடைவெளிய அதான் பாக்கும். அழுக்கு படிஞ்சா குருடு."

"இன்னா அழுக்கு?"

"பிசுபிசுன்னு கீது. மோந்து பாக்கலாம்னா, இந்த ஊறுகாய் நெடியில என் மூக்கு செத்து பத்து வருஷம்."

ஆகஸ்ட் 1, வெள்ளி

சாம்பிராணி காட்டிவிட்டு ஒரு மணிக்கு ஓட்டினேன். ஐந்து நிமிஷத்தில் சிவப்பு. மஞ்சளைத் தொடவில்லை. நிறுத்தி, கதவைத் திறந்து, அந்தக் கண்ணை முந்தானையால் துடைத்தேன். பழுப்பாக ஒட்டியது. மோந்து பார்த்தேன்.

சாம்பிராணி.

நான்தான். என் கையாலதான் பண்ணிகினு இருந்திருக்கேன் —

வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. பாய் வாசற்படியில் சைக்கிளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நேரே பிரபு சாரிடம் போனேன்.

"சார், பாய் மேல தப்பு இல்ல. நான் போட்ட பொகைதான் அந்தக் கண்ண மறைக்குது."

"சாமிக்குப் போட்டதா மெஷின நிறுத்துச்சு?"

"சாமி நிறுத்தல சார். நான் நிறுத்திட்டேன்."

"அப்ப உன்ன திரும்ப பேக்கிங்குக்கு அனுப்பட்டா?"

"அனுப்புங்க. மொதல்ல அவர அனுப்புங்க, மணி ஒன்னு பத்து."

என் முந்தானைக் கறையைப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் கையை ஆட்டினார். பாய் சைக்கிளில் ஏறினதுகூடத் தெரியவில்லை, அவ்வளவு வேகம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

தூபக்காலை கேட்டுக்கு வெளியே, பாய் சைக்கிள் பக்கத்தில் வைத்தேன். மெஷின் கண்ணை வெள்ளைத் துணியால் துடைத்தேன். துணி வெள்ளையாகவே வந்தது. பிரபு சார் இரண்டு தடவை வந்து நின்று பார்த்தார். பேக்கிங் பேச்சை எடுக்கவில்லை. ஐந்து மணி வரைக்கும் பச்சைதான்.

பாய் திரும்பி வந்தவர் சொன்னார்: "எனக்கு வாசனை ஒன்னும் தெரியலக்கா. பள்ளிவாசல்ல பக்கத்துல ஒக்காந்தவரு கேக்குறாரு, இன்னா பாய், சட்டையெல்லாம் சாம்பிராணின்னு."

அடுத்த வாரம் தூபக்காலை இன்னும் இரண்டடி தள்ளி வைக்க வேண்டும்.