இடது கை எழுத்து

குட்டிம்மா,

எழுத்து கோணலாக இருக்கிறதென்று சிரிக்காதே. இடது கையால் எழுதுகிறேன்.

உன்னை நான் வளர்ந்த அதே ஹோமில் சேர்த்துவிட்டதாக ஜெயில் ஆபீசில் சொன்னார்கள். ஜன்னலோரக் கட்டில் கிடைத்தால் விட்டுவிடாதே. அழுது பார்க்காதே; அங்கே எல்லோரும் காதில் பஞ்சு வைத்திருப்பார்கள்.

முக்கியமானது ஒன்றுதான். விழுந்து அடிபட்டால் நர்ஸிடம் போகாதே, நீயே கழுவிக்கொள். எனக்குக் கட்டுப்போட்ட அதே நர்ஸ்தான் இன்னும் இருக்கிறாராம். "ரொம்ப வலிக்குதாடா கண்ணு?" என்று கேட்பார். கட்டி முடிக்கும்வரை கையை விடமாட்டார். அந்த ஹோமில் வேறு எதற்கும் என்னை யாரும் தொட்டதில்லை. அந்தப் பத்து நிமிஷத்துக்குப் பழகித்தான் நான் கெட்டேன்.

இந்த மாதமும் உன்னை இங்கே கூட்டி வரமாட்டார்கள். "மறுபடி கையில கிழிச்சுக்கிட்டா பிள்ளையப் பாக்க விடமாட்டோம்னு சொன்னோமா இல்லையா?" என்று வார்டர் கேட்டார். சொல்லியிருந்தார்கள். எனக்கு அது நன்றாக ஞாபகம் இருந்தது.

என்மேல் கோபப்பட்டுக்கொள், பரவாயில்லை. இங்குள்ள நர்ஸ் இன்னும் என் வலது கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அவர் விடும்வரை எழுதலாம் என்று பார்க்கிறேன்.

உன் அம்மா