வெயிலில் நின்ற மொறிஸ்

கொக்குவில்
20.01.2026

சிவக்கொழுந்துக்கு,

நான் சுகம். நீ கேட்கமாட்டாய் என்று தெரிந்தும் எழுதுகிறேன். பிள்ளை செத்துப்போனான் என்று நீயே முடிவுகட்டி, என்னோடு கதைப்பதில்லை என்று மகள் வீட்டுக்குப் போனாய். கடிதம் படிப்பதில்லை என்று சொல்லவில்லைத்தானே.

மொறிஸ் மைனர் காரைக் கழுவினேன். பிரவீணன் காணாமல்போன நாளிலிருந்து பதினேழு வருட வெயில். அவன் அடித்த பச்சைப் பெயின்ற் சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டது. தொட்டால் விரலில் மாவாய் ஒட்டுகிறது.

கராஜ்கார ஆழ்வாப்பிள்ளை பார்த்துவிட்டு, "உந்தப் பழசைச் சுரண்டிப்போட்டுப் புதுப் பெயின்ற் அடிப்பம் அண்ணை" என்றான். "என்ரை பிள்ளை அடிச்சதிலை கை வைச்சியோ, உன்னைச் சுரண்டிப்போடுவன்" என்று அனுப்பிவிட்டேன். பெயின்ற் மினுக்குகிற கொம்பவுண்டைத் துணியில் தொட்டு, உள்ளங்கையளவு இடமாக நானே தேய்க்கிறேன். ஒருவரும் சொல்லித் தரவில்லை. கீழே பச்சை இருக்கிறது.

இடப்பக்கக் கதவில் வருடாவருடம் நீ ஒட்டி, நீ போனபிறகு கோபத்தில் நான் கிழித்தெறிந்த "காணவில்லை" நோட்டீஸ் இருந்த இடம் மட்டும் வெளுக்கவே இல்லை. ஒரு சதுரம், அடித்த அன்றுபோல.

அவன் வரும்போது கார் இந்தக் கோலத்தில் நிற்கக்கூடாது.

மார்க்கண்டு


சண்டிலிப்பாய்
27.01.2026

பிரவீணனின் அப்பாவுக்கு,

நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? மகள் தயாளினி கொடுத்துவிட்ட கத்தரிக்காயைப் பழுதாக்காதீர்கள்.

மாசி அமாவாசையன்று கீரிமலையில் பிள்ளையின் கிரியைக்குக் குருக்களிடம் சொல்லிவிட்டேன். உடல் இல்லாதபடியால் தர்ப்பையில் உருவம் செய்து, அவன் பெயரைச் சொல்லிக் கொள்ளி வைக்கவேண்டுமாம். தகப்பன் நீங்கள்தான் வைக்கவேண்டும். வராவிட்டால் என் தம்பி மகன் கஜானன் வைப்பான். இவ்வளவு காலமும் உங்களோடு சேர்ந்துதான் காத்திருந்தேன். இனி ஏலாது.

கதவை மட்டும் தேய்க்காதீர்கள். அந்தச் சதுரத்தை நான் ஒருக்கால் பார்க்கவேண்டும்.

சிவக்கொழுந்து


கொக்குவில்
05.02.2026

சிவக்கொழுந்துக்கு,

உன் கடிதம் வரமுன்னமே கதவைத் தேய்த்து முடித்துவிட்டேன். முழுவதும் ஒரே பச்சை. சதுரம் எங்கே இருந்ததென்று தடவிப் பார்த்தும் தெரியவில்லை. கையில் இருந்த துணியும் பச்சை. அவன் அடித்ததைத்தான் இத்தனை நாளும் உரித்தெடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது.

அடுத்தநாள் விடியக் கார் முழுவதும் பனி. கதவில் மட்டும் அந்தச் சதுரம் காய்ந்தபடி, நாலு மூலையும் வெட்டினாற்போலத் தெரிந்தது. பசை ஊறியிருக்கும் என்று மறுபடி தேய்த்தேன். மறுநாளும் வந்தது. இன்னும் தேய்த்தால் தகரம் தெரியும். வெயில் ஏறினால் பிள்ளை போய்விடுகிறான். விடிந்தால் நிற்கிறான்.

இன்று அதன்முன் குந்தியிருந்து, "உள்ளுக்கு வாவன் மோனை, ஏன் வெளியிலை நிக்கிறாய்?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது. போகவும் விடாமல் அவனை முற்றத்தில் நிறுத்திவைத்தவன் நான்.

நீ சொன்னது சரி என்று நான் எழுதவில்லை. ஆனால் கஜானனைக் கொள்ளி தொடவிடாதே. நான் வைக்கிறேன். அமாவாசைக்கு முதல்நாள் விடியமுன் இங்கே வா. பனி காயமுன் பார்த்துக்கொள்.

கொள்ளி வைக்கும்போது அவன் பெயரை மட்டும் நீ சொல்லு. எனக்கு வாய் வராது.

மார்க்கண்டு